அந்தச் சிவப்புத் தண்ணி வேண்டாம், தங்கச்சி

கோண்டாவிலில் இருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து முதல் குளிர்காலம் முடிகிறது, வாடகை, வேலை, லைசென்ஸ் எல்லாம் எப்படி என்று கேட்டுவிட்டு, பல்கனிக்கு ஹம்மிங்பேர்ட் என்கிற தேன் குடிக்கும் சின்னக் குருவி வருமா, அதற்குப் போத்தலில் தொங்கவிடக் கடையில் விற்கிற, சாயம் போட்ட சிவப்புத் தண்ணி வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகை, லைசென்ஸ் பற்றிச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் குருவியைப் பற்றிச் சொல்கிறேன்.

வரும். மே முதல் பாதியில் பாருங்கள். இந்தப் பக்கம் வருவது செங்கழுத்து இனம். எடை 3 கிராம் அளவுதான், ஆனால் அதில் பல மெக்சிக்கோ வளைகுடாவை 800 கிலோமீற்றர் நிற்காமல் தாண்டி வருகின்றன. அப்படி வந்த உயிருக்குச் சாயத்தைக் கொடுக்கலாமா? குருவியை இழுக்கப் போத்தலின் அடியில் சிவப்பு இருந்தாலே போதும். 1 கப் வெள்ளைச் சீனிக்கு 4 கப் தண்ணீர், கரைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். எங்கள் ஆட்கள் சிலர் சத்து என்று தேனும் பனங்கட்டியும் கரைக்கிறார்கள். தேன்தண்ணியில் கெதியாகப் பூஞ்சணம் பிடிக்கும், குருவி செத்தும் போகும். வெயில் நாட்களில் இரண்டு நாளுக்கு ஒருக்கால் கழுவி மாற்ற வேண்டும். தொங்கவிட்டுப் படம் எடுத்துப் போட்டபின் மறந்துவிடுகிற ஆட்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். கழுவ நேரமில்லையா, சட்டியில் சிவப்பாய்ப் பூக்கிற ஒரு சல்வியாப் பூங்கன்று வையுங்கள், அது போதும்.

ஊர்த் தேன்சிட்டுத்தானே இது என்று சொல்லும் அண்ணைமாரையும் நம்ப வேண்டாம். வீட்டுச் செவ்வரத்தைக்கு வந்த தேன்சிட்டு பெரும்பாலும் கொப்பில் இருந்துதான் குடிக்கும். இது செக்கனுக்கு 50 தடவை அளவில் சிறகடித்து அந்தரத்தில் நிற்கும், பின்பக்கமாகவும் பறக்கும். அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே ஹம்மிங்பேர்ட்டே இல்லை. ஆண் குருவியின் கழுத்து முதலில் கறுப்பாகத் தெரியும். தலையைத் திருப்பியதும் மாதுளை முத்துப் போலச் சிவக்கும். இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டு எழுகிற நிறம் அது. 1863இல் மார்ட்டின் ஜோன்சன் ஹீட் என்ற ஓவியர் ஹம்மிங்பேர்ட்களை வரையவே பிரேசிலுக்குப் போனார். அந்த மினுக்கத்தை வர்ணத்தில் பிடிப்பது லேசான வேலையில்லை.

நான் வந்த புதிதில் நிலக்கீழ் அறையில் இருந்தேன். வீட்டுக்காரர் எங்கள் ஊர் ஆள்தான், இரவில் ஹீற்றரைக் குறைத்துவிடுவார். இரவு வேலை, பகலில் நித்திரை வராது. பக்கத்து வீட்டுப் போர்த்துக்கேய ஆச்சி வேலியோரம் போத்தல் கட்டியிருந்தா. அவவுக்கு ஆங்கிலம் வராது, எனக்கும் அப்போது பெரிதாக வராது. என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு, ஒரே கப்பால் நாலுதரம் தண்ணியும் ஒருதரம் சீனியும் அளந்து காட்டினா. இன்றுவரை என் அளவு அதுதான்.

செப்டம்பர் முடியும்வரை அவ போத்தலைக் கழற்றமாட்டா. போத்தல் தொங்கினால் குருவி போகாமல் குளிரில் செத்துவிடும் என்று உங்களைப் பயமுறுத்துவார்கள். அது பொய். பகல் குறையக் குறைய அது தானாகவே தெற்கே வெளிக்கிட்டுவிடும். ஆண்கள் முதலில் போய்விடும். வடக்கிலிருந்து பிந்தி இறங்குகிற இளங்குருவிகளுக்கு அந்தச் சீனித்தண்ணி உதவும். ஆகையால் ஒக்ரோபர் பிறக்கட்டும், பிறகு கழற்றுங்கள்.