மாம்பூவில் உட்கார்ந்த ஈயை எண்ணினால் எந்த இதழில் போடுவார்கள்?

போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பள்ளி வேலைக்கு நடுவே பகுதிநேரமாக முனைவர் பட்டம் படிக்கிறார். அவர் கடிதத்தின் சுருக்கம் இது:

"மூன்று பூப்பருவம், 24 மாந்தோப்புகள். காப்புக்காட்டு ஓரத்தில் 12, காட்டை விட்டுத் தள்ளி 12. தையிலும் மாசியிலும் காலையில் போய், ஒவ்வொரு பூங்கொத்துக்கு எதிரிலும் பத்து நிமிடம் நின்று, வந்து உட்காரும் பூச்சிகளை நோட்டில் குறித்தேன். பாதிக்கு மேல் ஈக்கள்தான். நெறியாளர் 'இம்பாக்ட் ஃபாக்டர் மூன்றுக்குக் கீழே அனுப்பாதே' என்கிறார். தோழி ஒருத்தி 'இப்போது ட்ரோன், டிஎன்ஏ காலம், நோட்டில் ஈ எண்ணியதை யார் போடுவார்?' என்கிறாள். நடுவில் ஒரு மின்னஞ்சல்: ரூ. 9,500 கட்டினால் ஐந்து நாளில் வெளியிடுவார்களாம். என்ன செய்யட்டும்?"

மின்னஞ்சலை முதலில் முடித்துவிடுவோம். கட்டாதீர்கள். களஆய்வுக் கட்டுரையை இரண்டு மதிப்பாய்வாளர்கள் ஒழுங்காகப் படித்துக் குறிப்பு எழுத, வேகமான இதழிலேயே மாதக் கணக்கில் ஆகும். ஐந்து நாள் என்றால் யாரும் படிக்கப் போவதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த மின்னஞ்சலில் உங்களை 'புகழ்பெற்ற பேராசிரியரே' என்று அழைத்திருப்பதையும், கீழே 'யுஜிசி கேர் பட்டியலில் உள்ள இதழ்' என்று பெருமையாகப் போட்டிருப்பதையும் பார்த்தேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, ஏற்கத்தக்க இதழ்கள் என்று வைத்திருந்த பட்டியல் அது. அதை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. இன்னமும் அந்த முத்திரையைக் காட்டி ஆள் பிடிப்பவரிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

'ஸ்கோபஸில் இருக்கிறோம்' என்று வேறு யாராவது சொன்னால் அவர்கள் தளத்தில் இருக்கும் படத்தை நம்ப வேண்டாம். ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைத் தேர்ந்து சேர்க்கும் ஒரு தரவுத்தளம். அதன் இதழ்ப் பட்டியலைக் காசில்லாமலே பார்க்கலாம். அதில் இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைப் போட்டுத் தேடுங்கள். எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பாதியில் நிறுத்தப்பட்டவையும் அதில் தெரியும். நல்ல இதழ் ஒன்றின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடிப் போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. ஆகவே மின்னஞ்சலில் வந்த சுட்டியை அழுத்தாமல், இதழின் சொந்தத் தளத்தை நீங்களே தேடிப் போங்கள்.

அடுத்து, இம்பாக்ட் ஃபாக்டர் என்ற தாக்கக் காரணிக்கு நெறியாளர் சொன்ன 'மூன்று'. அவரை நான் குறை சொல்லவில்லை. பதவி உயர்வுப் படிவம் முதல் பல்கலைக்கழக ஆய்வுக்குழு வரை எல்லோரும் அந்த எண்ணைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் பழகியிருக்கும். ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்தால் உங்கள் துறைக்கு அது ஏன் ஒத்துவராது என்பது தெரியும்.

ஓர் இதழ் 2023இல் 100 கட்டுரைகள், 2024இல் 100 கட்டுரைகள் போட்டது என்று வையுங்கள். அந்த 200 கட்டுரைகளை 2025இல் வெளிவந்த கட்டுரைகள் மொத்தம் 400 முறை மேற்கோள் காட்டினால், 2025க்கான தாக்கக் காரணி 2. அவ்வளவுதான் கணக்கு. யூஜின் கார்ஃபீல்டு 1955இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது இது. இதழ்களை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் உருவானது. நூலகங்கள் எந்த இதழை வாங்குவது என்று முடிவுசெய்ய உதவியது. தனியொரு கட்டுரையை எடைபோட வந்த தராசு அல்ல. அந்த 400இல் பாதியை நாலைந்து கட்டுரைகளே அள்ளிக்கொண்டு போயிருக்கலாம்; மீதியில் பல ஒரு தடவைகூட மேற்கோள் பெறாமல் இருக்கலாம். ஆராய்ச்சியாளரை இதழின் எண்ணை வைத்து மதிப்பிடாதீர்கள் என்று 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் ஒரு பிரகடனமே எழுதினார்கள்.

இப்போது உங்கள் கட்டுரை 2026இல் வருகிறது என்று கொள்வோம். அதை மா விளையும் சித்தூரிலோ வங்காளத்து மால்டாவிலோ ஒருவர் படித்துவிட்டு 'நம்ம தோப்பிலும் பார்க்கலாமே' என்று 2027இல் திட்டம் போடுகிறார். மா பூப்பது ஆண்டுக்கு ஒரு தடவை. 2028, 2029, 2030 என்று மூன்று பருவம் எண்ணி, எழுதி, திருத்தி, 2031இல் வெளியிட்டு உங்களை மேற்கோள் காட்டுகிறார். தாக்கக் காரணி கணக்குப் பார்ப்பது 2027, 2028 ஆகிய இரண்டே ஆண்டுகளை. அவர் காட்டிய மேற்கோள் அதில் விழவே விழாது. சூழலியல் முழுக்க இந்தக் கதைதான். அதனால்தான் வெப்பமண்டல சூழலியலுக்கென்றே இருக்கும் இதழ்களின் எண் பெரும்பாலும் மூன்றைத் தொடுவதில்லை. நெறியாளரின் விதியை அப்படியே பிடித்தால், உங்கள் கட்டுரையைப் படிக்க வேண்டியவர்கள் படிக்கும் இதழ்களையே ஒதுக்கிவிட நேரும்.

இன்னொன்றையும் அவரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி தன் 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம். அதைப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக நடமாடும் 'விதி'களில் பாதி, முன்னால் படித்தவர்கள் சொல்லிவைத்த கதை.

சரி, தோழிக்கு வருவோம். அவர் சொல்வதில் பாதி உண்மை. வெப்பமண்டல ஆராய்ச்சியின் போக்கு மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. 1970களில் பெரிய கேள்வி 'இங்கே மட்டும் ஏன் இத்தனை வகை மரங்கள்' என்பது. அப்புறம் காடு துண்டாவதால் என்ன ஆகிறது என்று அமேசானில் 1979இல் தொடங்கிய பெரிய ஆய்வு. பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் நிலையான களங்கள். பனாமாவில் ஒன்று தொடங்கி, நம் முதுமலையில் 1988இல் 50 ஹெக்டேரில் ஒன்று அமைந்தது. இப்போது தானியங்கிக் கேமரா, ஒலிப்பதிவுக் கருவி, நீரிலும் மண்ணிலும் கிடக்கும் டிஎன்ஏ, செயற்கைக்கோள் படம் எல்லாம் வந்துவிட்டன.

ஆனால் கேள்வியும் காட்டை விட்டு வெளியே வந்திருக்கிறது என்பதை அவர் கவனிக்கவில்லை. வயலும் தோப்பும் ஏரியும் கலந்த நிலத்தில் எந்த உயிர் தங்குகிறது, அதனால் விவசாயிக்கு என்ன என்பதுதான் இன்று சூடான இடம். ஜெர்மனியின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2017இல் ஓர் ஆய்வு வந்ததிலிருந்து, 'வெப்பமண்டலத்தில் நிலைமை என்ன' என்று எல்லோரும் கேட்கிறார்கள். பதில் சொல்லும் அளவுக்கு இங்கே எண்ணிவைத்தவர்கள் குறைவு. அதிலும் தேனீயை எண்ணியவர்கள் பலர், ஈயை மதித்தவர்கள் சிலர். பல நாடுகளின் 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பயிர்ப் பூக்களுக்கு வரும் வருகையில் கால்வாசி முதல் பாதி வரை தேனீ அல்லாத பூச்சிகளுடையது என்று சொன்னது. மா விஷயத்தில் இது விவசாயிக்கே தெரிந்த சங்கதி: தைவானில் மீன் கழிவை வைத்துத் தோப்புக்கு ஈயை வரவழைக்கிறார்கள். (நம்மூரில் அதைச் செய்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், அது வேறு.)

தென்னாப்பிரிக்காவிலும் உங்களைப் போலவே மாந்தோப்புகளை எடுத்து, இயற்கைக் காட்டிலிருந்து தூரம் கூடக்கூட மகரந்தச் சேர்க்கை குறைகிறது என்று 2010இல் எழுதியிருக்கிறார்கள். உங்கள் கட்டுரைக்கு அது அண்ணன் முறை. 'கிருஷ்ணகிரி மாவட்ட மாந்தோப்புகளில் பூச்சிகளின் பன்முகத்தன்மை' என்று நீங்கள் வைத்திருக்கும் தலைப்பை மாற்றுங்கள். மாவட்டத்தின் பெயரில் தொடங்கினால் ஆசிரியர் குழு 'உள்ளூர்ப் பட்டியல்' என்று முதல் நாளே திருப்பிவிடும். 'காட்டோரத் தோப்புகளில் மாம்பூவுக்கு வரும் ஈக்கள் அதிகமா: வறண்ட வெப்பமண்டல நிலத்தில் மூன்று பருவ ஆய்வு' என்று வைத்தால் அதே தரவு, அதே நோட்டு, ஆனால் பிரேசில்காரரும் திறந்து பார்ப்பார்.

தலைப்பைவிட முக்கியமானது உள்ளே இருக்கும் கணக்கு. 24 தோப்புகளில் தோப்புக்கு 20 பூங்கொத்து என்று எண்ணிவிட்டு, மாதிரி அளவு 480 என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் அடி விழும். ஒரே தோப்பில் இருக்கும் 20 பூங்கொத்துகளுக்கும் ஒரே காடு, ஒரே மருந்து, ஒரே காற்று. அவை தனித்தனிச் சாட்சிகள் அல்ல. ஒரே சாட்சி இருபது தடவை பேசுவது போல. காட்டின் தாக்கம் என்ற கேள்விக்கு உங்கள் மாதிரி அளவு 24தான். 1984இலேயே ஹர்ல்பர்ட் என்பவர் இந்தத் தவறுக்குப் பெயர் வைத்துவிட்டார். நானும் ஒரே மலையில் 40 கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் நடந்து எண்ணிவிட்டு, மாதிரி அளவு 40 என்று எழுதி, ஒன்றரை ஆண்டு வேலை ஒரே பத்தியில் திரும்பி வந்ததைப் பார்த்தவன். 'ஆர்' என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளில் 'மிக்ஸ்டு மாடல்' என்ற கணக்கைப் போட்டு, தோப்பை ஒரு மட்டமாகவும் ஆண்டை இன்னொன்றாகவும் கொடுத்தால் சரியாகிவிடும். அந்த வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டு ஆசிரியராகச் சேர்த்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

'ஓரம்', 'தள்ளி' என்று இரண்டாகப் பிரித்ததையும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தோப்பும் காப்புக்காட்டு எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் என்று செயற்கைக்கோள் வரைபடத்தில் அளந்து எண்ணாகவே போடுங்கள். அரை நாள் வேலை, பலன் பெரிது.

அப்புறம் மருந்து. தத்துப்பூச்சிக்குப் பயந்து பூக்கும் நேரத்தில் எத்தனை தடவை அடித்தார்கள் என்று தோப்புக்காரர்களைக் கேட்டீர்களா? காட்டை விட்டுத் தள்ளியிருக்கும் பெங்களூரா ரக மாந்தோப்புகள் கூழ் ஆலைக்குப் போகும் பெரிய தோப்புகளாக இருந்து, அங்கே மருந்தும் கூடுதலாக இருந்தால், ஈ குறைந்தது காடு தூரமானதாலா மருந்தாலா? மதிப்பாய்வாளர் கேட்கப்போகும் முதல் கேள்வி இது. போய்க் கேளுங்கள், அடித்த தேதி நினைவில்லாவிட்டாலும் எத்தனை தடவை கூலி கொடுத்தோம் என்பது யாருக்கும் மறக்காது.

முடிந்தால் வரும் தையில் ஆறு தோப்பில் மட்டும் இன்னொரு வேலை. பூ விரியும் முன்பே சில பூங்கொத்துகளைக் கொசுவலைத் துணியால் மூடிக் கட்டி, பக்கத்திலேயே சிலவற்றைத் திறந்து விட்டு, பிஞ்சு பிடித்ததை இரண்டிலும் எண்ணுங்கள். ஈ வந்து உட்கார்ந்தது என்பது வேறு, காய் பிடித்தது என்பது வேறு. இந்த ஒரு பட்டியல் சேர்ந்தால் உங்கள் கட்டுரை ஒரு படி மேலே போகும்.

ஈக்களைப் பொருத்தவரை 'ஈ வகை 1, ஈ வகை 2' என்று விட்டால் செல்லாது. ஒவ்வொன்றிலும் நாலைந்து மாதிரிகளைப் பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்துக்கோ சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கிளைக்கோ முன்கூட்டியே எழுதிக் கேட்டுக் கொண்டுபோய், அடையாளம் பார்த்து, அங்கேயே ஒப்படைத்து, அதற்கான வைப்பு எண் வாங்குங்கள். வெளிநாட்டு நிபுணருக்குத் தபாலில் அனுப்பிவிட வேண்டாம். பல்லுயிர்ச் சட்டப்படி அதற்குத் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். பட்டா தோப்புக்கு உரிமையாளர் சம்மதம் போதும். காப்புக்காட்டுக்குள் ஒரு நாள் நின்று எண்ணியிருந்தாலும் வனத்துறை அனுமதி எண்ணை இதழ் கேட்கும்.

எங்கே அனுப்புவது? என் வரிசை இது. பிஞ்சுக் கணக்கும் சேர்ந்தால் முதலில் 'பயோட்ரோபிகா'. வெப்பமண்டல உயிரியல் சங்கத்தின் இதழ், 1969 முதல் வருகிறது. அங்கிருந்து திரும்பி வந்தால், நெடுநாள் வாரணாசியிலிருந்து வந்த 'டிராபிகல் எக்காலஜி'. பூச்சிப் பட்டியலையும் படங்களையும் தனிக் கட்டுரையாகக் கோயம்புத்தூரிலிருந்து வரும் 'ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா'வுக்குக் கொடுக்கலாம். யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம். சந்தாவில் ஓடும் இதழ்களில் ஆசிரியர் பணம் கட்டத் தேவையில்லை. கட்டுரையை எல்லோருக்கும் திறந்துவிட விரும்பினால்தான் கட்டணம். இது தெரியாமல்தான் பலர் 'நல்ல இதழ் என்றால் லட்சக்கணக்கில் கேட்பான்' என்று பயந்து அந்த 9,500 ரூபாயிடம் போய் விழுகிறார்கள். எதுவானாலும் அனுப்பும் அன்று கட்டணப் பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள். மற்றவர்களின் கட்டுரைகளைப் படிப்பதற்கு, உங்கள் பல்கலைக்கழகம் அரசுடையது என்றால் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சுமார் 13,000 இதழ்கள் திறக்க வேண்டும், நூலகரிடம் கேளுங்கள்.

மேற்கோள் வேண்டுமானால் இதழின் பெயரைவிட இது உதவும்: உங்கள் எக்ஸெல் கோப்பு. தோப்பு வாரியாக எண்ணிக்கை, தேதி, நேரம், தூரம், மருந்து எல்லாவற்றையும் விவசாயிகளின் பெயரை நீக்கிவிட்டு 'ஸெனோடோ' என்ற இணையத் தரவுக் கிடங்கில் இலவசமாக வைத்து, அதன் நிரந்தர எண்ணைக் கட்டுரையில் கொடுங்கள். பத்து நாட்டுத் தரவைச் சேர்த்து எழுதுகிறவர்கள் தேடுவது இப்படிப்பட்ட கோப்பைத்தான். சராசரியை மட்டும் படமாகப் போட்டு மூல எண்ணைக் காட்டாத கட்டுரையை, எவ்வளவு பெரிய இதழில் வந்தாலும், அவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

கட்டுரை வரும்வரை தோப்புக்காரர்களைக் காக்கவைக்கவும் வேண்டாம். ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதி, பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டி, அவர்கள் திருத்தியதும் 24 பேருக்கும் கொடுங்கள். பச்சையாக மினுக்கும் ஈதான் காலை எட்டு மணிக்கு முன்பே அதிகம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அந்த நேரக் கணக்கை அதில் தவறாமல் சேருங்கள். மருந்து அடிக்கிறவர்களும் பெரும்பாலும் அந்த நேரத்துக்குத்தான் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.