மலையிலிருந்து ஆழ்கடலுக்கு: டெக்னிக்கல் டைவிங் கருவிகள், வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஸ்கூபா டைவிங்கில் அட்வான்ஸ்டு சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பார்க்க நெடுநாள் ஆசை. டெக்னிக்கல் டைவிங் (சாதாரண டைவின் எல்லையைத் தாண்டி, மேலேறும் வழியில் நின்று நின்று வர வேண்டிய ஆழமான டைவ்) படிப்பில் சேரும் முன்பே கருவிகளை மொத்தமாக வாங்கிவிடலாமா? கடைக்காரர் நீளமான பட்டியல் கொடுத்திருக்கிறார்.
– வாசகர், கோத்தகிரி

மொத்தமாக வேண்டாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தக் கப்பல் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. முதல் கட்ட டெக்னிக்கல் படிப்புகள் 40, 45 மீட்டரோடு நின்றுவிடும். அதற்குக் கீழே போக ஹீலியம் கலந்த வாயுவும் அதற்கான அடுத்த படிப்பும் வேண்டும். ஆகவே இப்போது ஹெர்மிஸுக்காக வாங்காமல், முதல் படிப்புக்காக வாங்குங்கள்.

உடம்போடு ஒட்டியிருப்பதை வாங்கலாம். வாயு அடைப்பதை வாடகைக்கு எடுக்கலாம். நம் நாட்டில் உயர் அழுத்த சிலிண்டர்கள் வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் அனுமதிக்கு உட்பட்டவை. வெளிநாட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவருவதும், குறித்த காலத்தில் அழுத்தச் சோதனை செய்வதும் தனி மனிதருக்குப் பெரிய தலைவலி. கொண்டுவந்தாலும் கோத்தகிரியில் யார் காற்றடைத்துத் தருவார்கள்?

முதலில் பணத்தைப் போட வேண்டியது, சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும் அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரில். முதுகில் இரட்டை சிலிண்டர் என்பதால் ஒரே மாடலில் இரண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (சிலிண்டர் வால்வில் மாட்டும் பகுதி), இரண்டும் வால்வுக்குள் திருகும் டின் வகை. வால்வைக் கவ்விப் பிடிக்கும் யோக் வகையில் ஓரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வெளியே பிதுங்க வாய்ப்பு அதிகம் என்பதால் இங்கே அதற்கு வேலை இல்லை. வலது வால்வில் 2.1 மீட்டர் நீள ஹோஸ். இதைத்தான் நீங்கள் வாயில் வைத்திருப்பீர்கள், கூட வருபவருக்குக் காற்று தீர்ந்தால் இதையே கழற்றிக் கொடுப்பீர்கள். இடது வால்வில் குட்டை ஹோஸ். அதன் செகண்ட் ஸ்டேஜ் (வாயில் வைக்கும் பகுதி) எலாஸ்டிக் கயிற்றில் கழுத்துக்குக் கீழே தொங்கும். பிரஷர் கேஜும் இடப்பக்கம்தான், இடுப்பு வளையத்தில் போல்ட் ஸ்னாப்பால் மாட்டப்படும். விங் எனும் முதுகு மிதவைப் பைக்குக் காற்று தரும் ஹோஸ் வலது வால்விலிருந்து வர வேண்டும். கப்பலுக்குள் முன்னால் நீந்தும்போது வால்வுப் பிடி மேற்கூரையில் உரசினால் இடது வால்வு மூடும் திசையில் திரும்பும், வலது வால்வு திறக்கும் திசையில் திரும்பும். இடது வால்வு தானாக மூடிக்கொண்டாலும் வாயில் இருக்கும் ரெகுலேட்டரும் விங்கும் வேலை செய்ய வேண்டும் அல்லவா? இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் அதுதான்.

அடுத்து சிலிண்டரைத் தாங்கும் பேக்பிளேட், ஒரே பட்டையால் ஆன ஹார்னெஸ், விங். பிறகு மாஸ்க், ஸ்பிரிங் பட்டை போட்ட கனமான ஃபின், நூல் அறுக்கும் கட்டர், 30 மீட்டர் நூல் சுற்றிய ஸ்பூல், மிதவை. இரண்டாகப் பிளந்த ஃபின்களைக் கடைக்காரர் நீட்டினால் மறுத்துவிடுங்கள். பின்னால் நீந்தவும் நின்ற இடத்தில் திரும்பவும் அவை உதவாது. பட்டியலில் உள்ள, நீருக்கடியில் ஆளை இழுத்துச் செல்லும் ஸ்கூட்டரையும் இரண்டாயிரம் லூமன் விளக்கையும் படிப்பு முடியும் வரை மறந்துவிடலாம்.

கேள்வி: ஒற்றை சிலிண்டரிலேயே 40 மீட்டர் போய் வந்தவர்கள் இருக்கிறார்களே, இரட்டை சிலிண்டர் எதற்கு? இரும்பா, அலுமினியமா?
– வாசகி, குன்னூர்

போய் வந்திருக்கிறார்கள், எல்லாம் சரியாக நடந்தவரை. கோளாறு நடந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். 40 மீட்டரில் அழுத்தம் 5 பார். பதற்றத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பார் என்று வைத்தால் இருவருக்கு 60. சிக்கலைச் சரிசெய்ய 2 நிமிடம்: 60 × 5 × 2 = 600 லிட்டர். சராசரி 3 பார் அழுத்தத்தில் மேலேற 6 நிமிடம்: 60 × 3 × 6 = 1080. ஆக 1680 லிட்டர். 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் இது ஏறக்குறைய 151 பார். 207 பார் நிரப்பினாலும் டைவுக்கென்று மிஞ்சுவது 56 பார்தான். இரட்டையில் அதே இருப்பு 76 பாரில் அடங்கிவிடும். நடுவில் இரு சிலிண்டர்களையும் பிரிக்கும் ஐசொலேட்டர் வால்வு இருப்பதால், ஒரு பக்கம் ஓரிங் வெடித்தாலும் ஐசொலேட்டரை மூடிவிட்டு மறுபக்கத்தைக் காப்பாற்றலாம். இந்தக் கணக்கில் டிகம்ப்ரஷன் நேரத்தை, அதாவது உடம்பில் கரைந்த வாயு வெளியேற மேலேறும் வழியில் நிற்கும் நேரத்தைச் சேர்க்கவே இல்லை.

இரும்பா அலுமினியமா என்பதை உடைதான் தீர்மானிக்கும். அந்தமானிலும் புதுச்சேரியிலும் 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும். அந்த மெல்லிய உடையோடு இரும்பு இரட்டையை மாட்டினால் எடை அதிகம். விங் கிழிந்தால் நீந்தி மேலே வர முடியாது, கழற்றிப் போட ஈயமும் இருக்காது. அதனால் நம் பக்கத்துக் கடலுக்கு அலுமினியம். நிறைந்த அலுமினிய இரட்டையில் இருக்கும் காற்றின் எடை மட்டும் சுமார் 5.5 கிலோ. டைவ் முடிவில் அதில் பெரும்பகுதி குறைந்திருக்கும். 6 மீட்டரில் கடைசி நிறுத்தத்தில் சிலிண்டர் காலியாக இருக்கும்போதும் மேலே மிதக்காமல் நிற்கும் அளவுக்கு ஈயம் கட்டுங்கள். விங் 18 கிலோ தூக்கினால் போதும். அதைவிடப் பெரிதானால் காற்று ஒரு பக்கமாக ஒதுங்கி ஆளைச் சாய்க்கும்.

கேள்வி: வீடு ஊட்டியில். புதுச்சேரியில் டைவ் முடித்த அன்றே காரில் திரும்பிவிடுவது வழக்கம். டெக்னிக்கல் டைவுக்குப் பிறகும் அப்படி வரலாமா?
– வாசகர், உதகமண்டலம்

கூடாது. டைவில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் காற்றழுத்தம் குறைந்தால் அது குமிழியாகும் என்பதால், சாதாரண டைவுக்கே அது தவறு. பயணிகள் விமானத்தின் அறைக்குள் இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் 2400 மீட்டர் உயரத்துக்கு நிகரானது. ஊட்டி சுமார் 2240 மீட்டர். அதாவது கல்லாறு தாண்டி மலையேறுவது கிட்டத்தட்ட விமானம் ஏறுவதுதான், டிக்கெட் மட்டும் இல்லை. காலை 11 மணிக்குக் கரையேறி மதியம் கிளம்பினால் இரவே குன்னூரைத் தாண்டிவிடுவீர்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும். டைவர்களின் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரைப்படி, டிகம்ப்ரஷன் தேவைப்படாத ஒற்றை டைவுக்குப் பின் 12 மணி, பல டைவுகளுக்குப் பின் 18 மணி, டிகம்ப்ரஷன் டைவுக்குப் பின் 18 மணியைவிட நன்றாகவே கூடுதலான நேரம் காத்திருக்க வேண்டும். 24 மணிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ ஓர் இரவு தங்கிவிடலாம். இரண்டும் 600 மீட்டருக்குக் கீழே. கொடைக்கானல்காரர்களுக்கு வத்தலகுண்டு அதே வேலையைச் செய்யும். கடலுக்கு இறங்கும்போது இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

வழியில் மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல் வந்தால் மேலே ஏறாதீர்கள். கீழே இறங்கி, ஆக்சிஜன் வாங்கி, டைவ் மருத்துவ உதவியை அழையுங்கள்.

கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் வாங்கும்போதும் உயரத்தை நினைவில் வையுங்கள். பல வாயுக்களை மாற்றும் வசதியும், கிரேடியன்ட் ஃபேக்டரை (எவ்வளவு எச்சரிக்கையாக மேலேற வேண்டும் என்ற அளவு) நீங்களே அமைக்கும் வசதியும் அவசியம். இருக்கும் இடத்தின் காற்றழுத்தத்தைக் காட்டும் மாடல் என்றால் ஊட்டியில் சுமார் 770 மில்லிபார் காட்டும். கடற்கரைக்குப் போனதும் அது 1013-க்கு அருகே வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கடலுக்குப் போகிறோம். இடையில் இங்கே பனியிலும் ஈரத்திலும் கருவிகள் பூஞ்சை பிடிக்கின்றன. ரெகுலேட்டர் நன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
– வாசகி, கொடைக்கானல்

கடற்கரையை விட்டுக் கிளம்பும் முன்பே நன்னீரில் அலசி, அங்கேயே முழுக்கக் காய வையுங்கள். ஜூலை மாதக் கொடைக்கானலில் வெட்சூட் காய்வதற்குள் நாற்றம் வந்துவிடும். அவசரத்துக்கு ஹீட்டர் முன்னாலோ விறகடுப்புப் பக்கத்திலோ தொங்கவிடாதீர்கள். வெட்சூட்டின் நியோபிரீன் ரப்பர் இறுகி விரிசல் விடும். விங்குக்குள் புகுந்த உப்புத் தண்ணீரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அரை லிட்டர் நன்னீரை இன்ஃப்ளேட்டர் வழியாக ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்துவிட்டு, கொஞ்சம் காற்றோடு வையுங்கள். ஹோஸ்களைச் சுருட்டாமல் தளர்வாகத் தொங்கவிடுங்கள்.

ரெகுலேட்டருக்கு ஓர் இடையழுத்த கேஜ் (ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து வெளிவரும் அழுத்தத்தைக் காட்டுவது) வாங்கிக்கொண்டால் போதும், விலையும் அதிகமில்லை. சிலிண்டர் உங்களிடம் இருக்காது என்பதால் இந்தச் சோதனையை டைவ் சென்டரில், முந்தின நாள் மாலையே செய்யுங்கள். இன்ஃப்ளேட்டர் ஹோஸில் கேஜைச் செருகி, வால்வை மெல்லத் திறக்க வேண்டும். முள் பெரும்பாலும் 9 முதல் 10 பாரில் நிற்கும். உங்கள் மாடலுக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். செகண்ட் ஸ்டேஜ் முகப்பில் உள்ள பர்ஜ் பொத்தானைச் சில தடவை அழுத்தி விடுங்கள். முள் இறங்கி, சட்டென்று பழைய இடத்துக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் உள்ளே காற்றை அடைக்கும் உயர் அழுத்த சீட் தேய்ந்திருக்கிறது. சிறிது நேரத்தில் செகண்ட் ஸ்டேஜ் சீறத் தொடங்கும். அதை நீங்களே பிரிக்காமல் சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு சென்டரின் ரெகுலேட்டரை வாடகைக்கு எடுங்கள்.