பிளஸ் டூ பசங்க காலேஜ்ல போய் உக்கார்ற வரைக்கும்: வழிகாட்டி டீச்சர் எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில காமர்ஸ் எடுக்கற பி.ஜி. டீச்சர் நான். இந்த வருஷம் எச்.எம். என்னை உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியரா போட்டிருக்காங்க. பிளஸ் டூவுல மட்டும் 140 பசங்க, பாதிக்கு மேல கூலி வேலைக்குப் போற வீடு. இதுவரைக்கும் வெளியில இருந்து யாரையாவது கூப்பிட்டு பேச வெப்பாங்க, பசங்க கை தட்டுவாங்க, அதோட முடிஞ்சிடும். வாரத்துக்கு ஒரு பீரியட் கிடைக்கும். இதை ஒழுங்கா நடத்தணும்னா என்ன செய்யணும்?

பதில்: டீச்சர், முதல்ல ஒரு பெரிய நோட்டு வாங்குங்க. 140 பேருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம். பேரு, குரூப், வீட்ல யாரு சம்பாதிக்கறாங்க, அண்ணன் அக்கா என்ன படிச்சாங்க, எந்தெந்த சர்டிபிகேட் கையில இருக்கு, எதுக்கெல்லாம் அப்ளை பண்ணியாச்சு, கடைசியில எங்க சேர்ந்தாங்க, அவ்வளவுதான் அந்த பக்கத்துல இருக்கணும். இந்த நோட்டுதான் உங்க ப்ரோக்ராம், மத்ததெல்லாம் இதுக்கு துணை. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நம்ம பள்ளிகள்ல பசங்க காலேஜுக்கு போகாம நின்னுபோறது பெரும்பாலும் ஆசை இல்லாததால இல்ல, மே மாசம் ரிசல்ட் வந்ததுக்கும் ஆகஸ்ட்ல காலேஜ் திறக்கறதுக்கும் நடுவுல இருக்கற அந்த மூணு மாசத்துல ஒரு சர்டிபிகேட் இல்லாம, ஒரு தேதி தெரியாம, ஒரு ஓடிபி வேற யாரோ போனுக்கு போனதால. அந்த நேரத்துல ஸ்கூல் லீவு. பக்கத்துல கேக்க ஆள் இருக்காது.

2022 மார்ச்ல தமிழக அரசோட 'நான் முதல்வன்' திட்டம் வந்ததுல இருந்து வழிகாட்டி கையேடு, வீடியோ எல்லாம் கிடைக்குது, அதை பீரியட்ல நடத்துங்க, நல்லாவே இருக்கும். ஆனா அது எல்லாருக்கும் பொதுவானது. உங்க பள்ளியில மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்கற பொண்ணுக்கு முதல் பட்டதாரி சான்று (குடும்பத்துல முதல்ல டிகிரி படிக்கப் போறவங்களுக்கான சான்று) கிடைக்குமா கிடைக்காதான்னு அந்த வீடியோ சொல்லாது, நீங்கதான் பாக்கணும்.

சர்டிபிகேட் வேலையை ஜூன், ஜூலைலயே ஆரம்பிச்சிடுங்க. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று, இருப்பிடச் சான்று, இந்த நாலும் இ-சேவை மையத்துல போட்டு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு போய் வரணும், மே மாசம் ஊரே ஒண்ணா போய் நிக்கும்போது அது எப்போ வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும்ங்கறதால அதை மட்டும் கடைசியில எடுக்க வைக்கலாம், மத்தது எல்லாம் இப்பவே. இன்னொரு விஷயம் பல டீச்சருக்கே தெரியறது இல்ல: ஜேஇஇ (ஐஐடி, என்ஐடிக்கான நுழைவுத் தேர்வு), க்யூட் (மத்திய பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு), நீட் அகில இந்திய ஒதுக்கீடு மாதிரி மத்திய அரசு சேர்க்கைக்கு நம்ம ஊர் பி.சி., எம்.பி.சி. சான்று போதாது, 'ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர்'னு (பிற்படுத்தப்பட்டவங்கள்ல வசதியானவங்க பட்டியல்ல வரலேன்னு காட்டற சான்று) மத்திய அரசு படிவத்துல தனியா வாங்கணும், அதுலயும் அந்த நிதியாண்டுல வாங்கினதைத்தான் கேப்பாங்க. இது இல்லாம நல்ல மார்க் வாங்கின பையன் பொதுப் பிரிவுல போய் நின்னா அந்த சீட்டு போச்சு.

அதே மாதிரி பேரு. ஆதார்ல ஒரு மாதிரி, எமிஸ்ல (பள்ளிக்கல்வித் துறையோட மாணவர் பதிவு) ஒரு மாதிரி, பேங்க் பாஸ்புக்ல ஒரு மாதிரி இருக்கும், இனிஷியல் முன்னாடி பின்னாடி மாறியிருக்கும். பத்தாவது மார்க் ஷீட்ல இருக்கறதைத்தான் எல்லாரும் அடிப்படையா எடுப்பாங்க, அதோட மத்தது பொருந்துதான்னு ஒரு பீரியட் முழுக்க பசங்களையே செக் பண்ண வைங்க. ஆதார் பேங்க் அக்கவுண்டோட இணைஞ்சிருக்கான்னும் பாக்கணும், ஏன்னா காலேஜ்ல சேர்ந்த அப்புறம் பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பையன்களுக்கு தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1000 ரூபாய் அந்த அக்கவுண்டுக்குத்தான் வரும். ஒண்ணு 2022 செப்டம்பர்ல வந்தது, இன்னொண்ணு 2024 ஆகஸ்ட்ல. ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருந்தா போதும், டிகிரி மட்டும் இல்ல, டிப்ளமோ, ஐடிஐ சேர்ந்தாலும் உண்டு. வீட்ல "பஸ் காசுக்கு எங்க போறது"ன்னு கேக்கற அம்மாவுக்கு இதை முன்னாடியே சொல்லிட்டா பாதி பேச்சு முடிஞ்சிடும்.

இப்போ அரசுப் பள்ளி பசங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. இதை நீங்க நிறுத்தி நிதானமா, பெத்தவங்களையும் வெச்சுக்கிட்டு விளக்கணும். 2020-ல மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம்னு விரிஞ்சது. இன்ஜினியரிங்ல இந்த ஒதுக்கீட்டுல சீட்டு எடுத்தா டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ், கவுன்சலிங் ஃபீஸ் அரசாங்கமே கட்டுது, தனியார் காலேஜா இருந்தாலும் சரி. ஆனா கவுன்சலிங் வழியா போனாத்தான். இங்கதான் ஏஜெண்டுங்க வர்றாங்க. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்து "நாங்க சீட்டு வாங்கித் தர்றோம், ஃபீஸ் கம்மி, லேப்டாப் தர்றோம்"னு சொல்லி 2000, 5000 அட்வான்ஸ் வாங்கிட்டு ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் எடுத்துட்டுப் போயிடுவாங்க, பையன் மேனேஜ்மெண்ட் கோட்டாவுல சேர்ந்திருப்பான், அரசாங்கம் கட்ட வேண்டிய ஃபீஸை அப்பா வட்டிக்கு வாங்கி கட்டுவாரு. எனக்கு இதை நினைச்சாலே மனசு கொதிக்கும். சேர்ற காலேஜ் சரிபார்த்துட்டு ஒரிஜினலைத் திருப்பித் தரணும், பிடிச்சு வெச்சுக்க கூடாதுன்னு யூஜிசி விதியே இருக்கு. பிப்ரவரி பெத்தோர் கூட்டத்துல இதை ஒரு தடவை, ரிசல்ட் அன்னைக்கு இன்னொரு தடவை சொல்லுங்க, ஒரிஜினலை யார்கிட்டயும் கொடுக்காதீங்கன்னு.

அந்த பெத்தோர் கூட்டத்தை தயவுசெஞ்சு காலையில 11 மணிக்கு வைக்காதீங்க. அன்னைக்கு கூலியை விட்டுட்டு அவங்க வர முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, முடிஞ்சா பள்ளிக்கூடத்துல இல்லாம அவங்க தெருவுலயே, பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கற ஒரு அம்மாவை கூட வெச்சுக்கிட்டு பேசுங்க. டீச்சர் சொல்றதை விட பக்கத்து வீட்டு அம்மா சொன்னா எடுபடும்.

கோர்ஸ் பத்தி பசங்கள கேட்டா இன்ஜினியரிங், நர்சிங், பி.காம்., போலீஸ், அவ்வளவுதான் வரும். வேற கண்ணுல பட்டதே இல்ல. இங்கதான் உங்க வாராந்திர பீரியட் உதவும், வாரம் ஒரு வழி எடுத்துக்கோங்க. பயாலஜி பசங்களுக்கு நீட் இல்லேன்னா வாழ்க்கை முடிஞ்சுதுன்னு ஒரு பயம் இருக்கு, அவங்ககிட்ட சொல்லுங்க, நம்ம மாநிலத்துல கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், வேளாண்மை எல்லாத்துக்கும் பிளஸ் டூ மார்க்கை வெச்சுத்தான் கவுன்சலிங் நடக்குதுன்னு. மேத்ஸ் எடுத்த பசங்களுக்கு கட்-ஆஃப் எப்படி போடறதுன்னே போர்டுல போட்டு காட்டுங்க, மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200, அப்போதான் மேத்ஸ்ல விடற ஒரு மார்க்கும் பிசிக்ஸ்ல விடற ஒரு மார்க்கும் ஒண்ணு இல்லேன்னு புரியும். வொக்கேஷனல் குரூப் பசங்களை யாரும் கண்டுக்கறதே இல்ல, அவங்களுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங்ல தனி ரேங்க் லிஸ்ட் இருக்கு, பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரவும் வழி இருக்கு. அந்த டிப்ளமோ முடிச்சுட்டு பி.இ. ரெண்டாம் வருஷத்துக்கும் போகலாம்.

உங்க காமர்ஸ் பசங்களுக்கு நீங்களே பெரிய பலம். சி.ஏ. பவுண்டேஷன் பிளஸ் டூ முடிச்சதும் எழுதலாம், 2024-ல இருந்து வருஷத்துக்கு மூணு தடவை நடக்குது, பி.காம். படிச்சுக்கிட்டே எழுதலாம். அஞ்சு வருஷ சட்டப் படிப்புக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மார்க்குல சேர்க்குது, தேசிய சட்டப் பள்ளிக்கு போகணும்னா கிளாட் எழுதணும், அது டிசம்பர்லயே வந்துடும். இந்த மாதிரி தேதி முந்தி வர்ற பரீட்சைகள்ல நம்ம பசங்க தோத்துப் போறது இல்ல டீச்சர், அப்ளையே பண்றது இல்ல. கிளாட், ஜேஇஇ, நிஃப்ட் (ஃபேஷன் டிசைன் படிப்புக்கானது), க்யூட், நீட்னு ஒவ்வொண்ணுக்கும் கடைசி தேதி பெரிய எழுத்துல கிளாஸ் வாசல்ல ஒட்டுங்க, எல்லாரும் எழுத வேண்டாம், நோட்டைப் பார்த்து யாருக்கு பொருந்துமோ அந்த பத்து இருபது பேரை லேப்ல உக்கார வெச்சு நீங்க கூட இருந்து ஃபார்ம் போடுங்க. எந்த மெயில் ஐடி, எந்த பாஸ்வேர்டு, எந்த போன் நம்பர்னு நோட்டுல எழுதிடுங்க, பிரவுசிங் சென்டர்காரர் நம்பரை போட்டுட்டு வந்தா அப்புறம் அவரைத்தான் தேடணும்.

வேலை பத்தி சொல்றதுக்கு பெரிய ஆளுங்க வேணாம். உங்க பள்ளியில அஞ்சு வருஷம் முன்னாடி படிச்சு இப்போ லேப் டெக்னீஷியனாவோ, ஓசூர் கம்பெனியில ஃபிட்டராவோ, பேங்க்லயோ இருக்கற பழைய மாணவரை கூப்பிடுங்க. சம்பளம் எவ்வளவு, ஷிஃப்ட் எப்படி, முதல் வருஷம் என்ன கஷ்டம்னு பசங்களே கேக்கட்டும். ஐடிஐயை தோத்தவங்க போற இடம் மாதிரி பேசற பழக்கத்தை மட்டும் ஸ்டாஃப் ரூம்லயே நிறுத்தணும். நல்ல டிரேட் எடுத்து அப்ரண்டிஸ் முடிச்ச பையன், விருப்பம் இல்லாம ஏதோ ஒரு டிகிரி படிச்ச பையனை விட சீக்கிரம் கால் ஊனிடறான், இதை நான் நிறைய பார்த்திருக்கேன்.

ரிசல்ட் அன்னைக்கு முதல் போன் ஃபெயில் ஆன பசங்களுக்கு போகணும், சென்டம் எடுத்தவங்களுக்கு வாழ்த்து சொல்ல நிறைய பேர் இருக்காங்க. துணைத்தேர்வுக்கு உடனே ஃபீஸ் கட்ட வைங்க, அதுல பாஸ் ஆனா அதே வருஷம் துணைக் கலந்தாய்வுல சேரலாம். அடுத்து சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கவுன்சலிங்ல எந்த காலேஜ் வேணும்னு ஆன்லைன்ல வரிசைப்படுத்திப் போடறது. எத்தனை காலேஜ் வேணும்னாலும் போடலாம், வரிசைதான் முக்கியம், மூணு காலேஜ் மட்டும் போட்டுட்டு எதுவும் வராம உக்கார்ற பசங்க வருஷா வருஷம் இருக்காங்க. அலாட்மெண்ட் வந்ததும் அதை உறுதி பண்ணணும், பண்ணலேன்னா சீட்டு போயிடும், அந்த ரெண்டு நாளும் லேப் திறந்திருக்கணும்.

கவுன்சலிங் முடிஞ்சதும் நோட்டைத் திறந்து "எங்க சேர்ந்தாங்க"ங்கற இடம் காலியா இருக்கற பேரை மட்டும் எண்ணுங்க. ஒரு பொண்ணு, வீட்ல மாப்பிள்ளை பாக்கறாங்க. ஒரு பையன், திருப்பூர் வேலைக்கு போயிட்டான். ஒருத்திக்கு காலேஜ் தூரம், பஸ் இல்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வழி இருக்கு: பி.சி., எம்.பி.சி., ஆதிதிராவிடர் நல விடுதிகள் இருக்கு, கோட்ட அளவுல 'உயர்வுக்குப் படி'ங்கற அரசு சேர்க்கை முகாம் நடக்கும்போது நேரா கூட்டிட்டுப் போய் அங்கேயே சேர்க்கலாம், காசுதான் பிரச்சனைன்னா 4 லட்சம் வரைக்கும் கல்விக் கடனுக்கு சொத்து அடமானம் கேக்க மாட்டாங்க, பதினெட்டு ஆகாத பொண்ணுக்கு கல்யாணம்னா தயங்காம 1098-க்கு (குழந்தைகள் உதவி எண்) போன் போடுங்க. வழி தெரியலேன்னா பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417-க்கு போட்டு கேளுங்க.

சேர்ந்தவங்களுக்கும் நவம்பர்ல ஒரு போன் போடுங்க. தமிழ் மீடியத்துல படிச்சுட்டு முதல் செமஸ்டர் இங்கிலீஷ் லெக்சர்ல எதுவும் புரியாம, வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லாம வீட்டுக்கு வந்துடற பசங்க இருக்காங்க. அதே காலேஜ்ல உங்க பள்ளி சீனியர் யாராவது இருந்தா அந்த நம்பரை கொடுத்து ரெண்டு பேரையும் பேச வைங்க.

இந்த வாரமே எச்.எம். கிட்ட ரெண்டு விஷயம் கேட்டு வாங்கிக்கோங்க டீச்சர்: மே, ஜூன்ல லேப் சாவி உங்க கையில இருக்கணும், இந்த வேலைக்கு பிளஸ் ஒன் எடுக்கற ஒரு டீச்சரையும் உங்க கூட போடணும். 140 பேருக்கு ஒரு ஆள் பத்தாது, அதோட நீங்க டிரான்ஸ்ஃபர்ல போனாலும் அந்த நோட்டு இன்னொருத்தர் கையில ஓடிக்கிட்டே இருக்கும்.