ஒரே கூடம், இரண்டு மேசைகள்: அமெரிக்கத் துப்பாக்கிக் கண்காட்சி பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் துப்பாக்கிக் கண்காட்சிக்குப் போனால் யார் வேண்டுமானாலும் சோதனையே இல்லாமல் துப்பாக்கி வாங்கலாமாமே? (வாசகர், திருநெல்வேலி)

பாதிதான் உண்மை. துப்பாக்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர் மத்திய அரசின் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பது 1968 முதல் சட்டம். அவர் கடையில் விற்றாலும் கண்காட்சியில் மேசை போட்டு விற்றாலும் விதி ஒன்றுதான். வாங்குபவர் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் உள்ள விவரத்தை வைத்து, எஃப்.பி.ஐ. 1998 முதல் நடத்திவரும் பின்னணிச் சோதனையில், அவர் துப்பாக்கி வாங்கத் தடை உள்ளவரா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும்.

அடுத்த மேசையைப் பாருங்கள். தாத்தா வைத்திருந்த வேட்டைத் துப்பாக்கியை விற்க வந்திருக்கிறார் ஒருவர். இது அவருக்குத் தொழில் இல்லை, லைசென்ஸும் வேண்டாம். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் அங்கே படிவமும் கிடையாது, சோதனையும் கிடையாது. பணத்தைக் கொடுத்தால் பொருள் கைமாறிவிடும். இதையே அவர் தன் வீட்டு வாசலில் வைத்து விற்றாலும் அப்படித்தான். அதனால் இதற்கு அமெரிக்காவில் வழங்கும் 'கண்காட்சி ஓட்டை' என்ற பெயரே எனக்குச் சரியாகப் படவில்லை. ஓட்டை இருப்பது கூடத்தில் அல்ல, விற்பவர் யார் என்பதில். கலிஃபோர்னியா, கொலராடோ போன்ற மாநிலங்கள் தனியார் விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்று சொந்தமாகச் சட்டம் போட்டு அதை அடைத்துவிட்டன.

கேள்வி: குற்றவாளிகள் கண்காட்சிக்கே போவதில்லை, இதெல்லாம் வீண் சத்தம் என்கிறார் என் அமெரிக்க நண்பர். (வாசகர், கோவை)

உங்கள் நண்பர் கையில் ஒரு நல்ல புள்ளிவிவரம் இருக்கிறது. குற்றம் செய்தபோது துப்பாக்கி வைத்திருந்த கைதிகளிடம் 2016-இல் அரசு எடுத்த கணக்கில், கண்காட்சியில் வாங்கியதாகச் சொன்னவர்கள் 1 சதவீதம்கூட இல்லை. சுமார் 43 சதவீதம் பேர் தெருவிலும் கள்ளச் சந்தையிலும் வாங்கியிருந்தார்கள். சரி, தெருவுக்கு அது எப்படி வந்தது? கடைசியாக யாரிடம் வாங்கினார் என்பதை மட்டும்தான் அந்தக் கணக்கு சொல்லும். அதற்கு முன் எத்தனை கை மாறியது என்று சொல்லாது.

கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பள்ளியை நினைத்துப் பாருங்கள். 1998 இறுதியில் 17 வயதுப் பையன்கள் இருவர் டென்வர் பக்கத்தில் ஒரு கண்காட்சிக்குப் போனார்கள். வயது போதவில்லை. மறுநாள் 18 வயதான தோழியைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனார்கள். ஒவ்வொரு மேசையிலும் 'நீங்கள் லைசென்ஸ் வியாபாரியா, தனி ஆளா' என்று விசாரித்தபடியே நடந்திருக்கிறார்கள். தனி ஆட்களிடம்தான் அந்தப் பெண் மூன்று துப்பாக்கிகள் வாங்கினார். 1999 ஏப்ரலில் அந்தப் பையன்கள் அந்தப் பள்ளியில் நடத்திய படுகொலை உலகத்துக்கே தெரியும். பின்னணிச் சோதனை வைத்திருந்தால் அந்தப் பெண்ணின் பெயரில் குறை எதுவும் வந்திருக்காது. ஆனால் சோதனை என்று ஒன்று இருந்திருந்தால் தான் வாங்கியே கொடுத்திருக்க மாட்டேன் என்று பின்னால் அவரே சாட்சியம் அளித்தார். பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாலே பலருக்குக் கை தயங்கும். எனக்கு இந்த வாதம்தான் எல்லாவற்றையும்விடக் கனமாகத் தெரிகிறது. 2000-இல் கொலராடோ மக்களும் வாக்களித்து, கண்காட்சி விற்பனை அனைத்துக்கும் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள்.

கேள்வி: அப்படியானால் நாடு முழுவதற்கும் ஏன் சட்டம் வரவில்லை? (வாசகி, சென்னை)

வராமல் போனது நூலிழையில்தான். 1999 மே மாதம் செனட்டில் ஓட்டுகள் சரிசமமாக நிற்க, துணை அதிபர் அல் கோர் தன் ஓட்டைப் போட்டு, கண்காட்சி விற்பனைக்குச் சோதனை கேட்ட சட்டத் திருத்தத்தைக் கரையேற்றினார். ஆனால் பிரதிநிதிகள் சபையைத் தாண்டவில்லை. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் கொல்லப்பட்ட பிறகு, 2013-இல் மறுபடி முயன்றார்கள். ஆதரவு 54, எதிர்ப்பு 46. செனட்டின் நடைமுறைப்படி தேவைப்பட்டதோ 60. எதிர்ப்பவர்களின் பெரிய பயம், சோதனை என்ற பெயரில் அரசு துப்பாக்கிக்காரர்களின் பட்டியல் தயாரித்துவிடும் என்பது. அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அப்படி ஒரு பட்டியல் வைக்கவே கூடாது என்று சட்டம் தடுக்கிறது. சோதனையில் தேறியவரின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும்.

2022-இல் ஒரு சின்ன நகர்வு நடந்தது. லாபத்துக்காகத் திரும்பத் திரும்ப விற்பவரையும் வியாபாரியாகக் கருதும்படி சட்டத்தின் வாசகத்தை மாற்றினார்கள். அதை ஒட்டி 2024-இல் வந்த விதி உடனே நீதிமன்றம் ஏறிவிட்டது.

கேள்வி: சோதனை இருந்தும் படுகொலைகள் நடக்கின்றனவே? (வாசகர், ஈரோடு)

நடக்கின்றன. அதில் ஒன்று உங்கள் மாவட்டத்தையும் தொட்டது. 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் கொல்லப்பட்ட 32 பேரில், கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பிறந்த பொறியியல் பேராசிரியரும் ஒருவர். நீரியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். கொலையாளி லைசென்ஸ் வியாபாரிகளிடம்தான் வாங்கினான், சோதனையிலும் தேறினான். மனநல சிகிச்சை பெற வேண்டும் என்று நீதிமன்றம் அவனுக்கு இட்டிருந்த உத்தரவை மாநிலம் தேசியப் பதிவேட்டுக்கு அனுப்பவே இல்லை. பதிவேட்டில் இல்லாததைச் சோதனை எப்படிக் கண்டுபிடிக்கும்? இந்தக் குறையைச் சரிசெய்ய மறு ஆண்டே ஒரு சட்டம் வந்தது.

கேள்வி: எச்-1பி விசாவில் ஹூஸ்டனில் இருக்கிறேன். தனி ஆளிடம் வாங்கினால் சோதனை இல்லை என்பதால் நானும் வாங்கலாமா? (வாசகர், ஹூஸ்டன்)

கூடாது. சோதனை இல்லை என்றால் தடையும் இல்லை என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் வழங்கப்பட்ட, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல், உங்கள் விசாவில் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய அரசின் குற்றம். 15 ஆண்டு வரை சிறை. கிரீன் கார்டு கிடைத்தவருக்கு இந்தத் தடை இல்லை. விலக்கு இருந்தாலும் நான் சொல்வேன், படிவம் வைத்திருக்கும் மேசைக்கே போங்கள். வாங்கும் முன் ஒரு வழக்கறிஞரையும் கேட்டுவிடுங்கள்.