எண்ணெயை நிறுத்தியாச்சு, எடை ஏன் இறங்கவில்லை? பிசிஓஎஸ் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிசிஓஎஸ், அதாவது 'சினைப்பை நீர்க்கட்டி' என்று சொல்லப்படும் ஹார்மோன் கோளாறு பற்றியவை. ஊரும் வயதும் வேறு வேறு என்றாலும், "கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்கள்" என்ற வரி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

உச்சிப்புளி, வயது 27: எண்ணெய், தேங்காய், மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இட்லி, ரசம் சாதம், மோர், இவ்வளவுதான் சாப்பாடு. நான்கு மாதமாகியும் எடை இறங்கவில்லை, எந்நேரமும் பசிக்கிறது. ஏன்?

எண்ணெய் போன இடத்தில் சோறு வந்து உட்கார்ந்துவிட்டது. ரசம் சாதத்தில் பசி தாங்க வைக்கிற பொருள் ஒன்றுமே இல்லை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் மூன்று மணிக்கே வயிறு கூப்பிடும், கை பிஸ்கட் டப்பாவுக்குப் போகும்.

பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சுரந்தாலும் அது சரியாக வேலை செய்வதில்லை. அதனால் உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அப்படிக் கூடுகிற இன்சுலின், சினைப்பையில் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் சுரப்பையும் தூண்டிவிடுகிறது. தாடையில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிலக்கு எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. வெறும் சோறும் இட்லியுமாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறும், பின்னாலேயே இன்சுலினும் ஏறும்.

கொழுப்பைக் குறைத்தது தப்பில்லை. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 தான். ஆனால் அதை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. ஏ, டி, இ, கே வைட்டமின்களை உடம்பு எடுத்துக்கொள்ளவே கொஞ்சம் கொழுப்பு வேண்டும். 2023இல் வந்த பிசிஓஎஸ் சர்வதேச வழிகாட்டுதலும், இந்த உணவுமுறைதான் உசத்தி என்று எதையும் சொல்லவில்லை. நீங்கள் விடாமல் கடைப்பிடிக்க முடிகிற, சத்துள்ள சாப்பாடு எதுவோ அதுதான் சரி. எடை கூடியிருப்பவர்களில் பலருக்கு 5 முதல் 10 சதவீதம் இறங்கினாலே மாற்றம் தெரியும். 70 கிலோ என்றால் மூன்றரை கிலோவிலிருந்து கணக்கு.

தட்டில் பாதிக்குக் காய் வையுங்கள்: முருங்கைக்கீரை, புடலை, சுரை, எது கிடைக்கிறதோ அது. கால் பங்கு மீன், முட்டை, பயறு. மீதி இடத்தில்தான் சோறு. நம் ஊரில் குழம்புக்காகத்தான் சோறு கூடுகிறது. பிசையப் பிசைய இன்னொரு கரண்டி கேட்கும். காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் சோற்றுக்கு வாருங்கள். எண்ணெய் நாளைக்கு நான்கு டீஸ்பூன் போதும், ஆனால் ஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள். பாட்டிலைச் சாய்த்தால் கணக்கு நிற்காது.

கீழக்கரை: இடியாப்பமும் தேங்காய்ப்பால் ஆணமும் (குழம்பும்) இல்லாமல் எங்கள் வீட்டில் நாள் போகாது. தேங்காயை முழுக்க விட வேண்டுமா?

வேண்டாம். தேங்காய்க் கொழுப்பில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அளவு முக்கியம். கெட்டிப்பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் ஆணம் வையுங்கள், மீன் துண்டைக் கூட்டுங்கள். ஆணத்தைவிட எனக்கு இடியாப்பத்தின் எண்ணிக்கைதான் கவலை. பால், சர்க்கரை ஊற்றிச் சாப்பிடும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். தொதல் வேறு கதை: அரிசி மாவு, தேங்காய்ப்பால், இனிப்பு மூன்றும் சேர்ந்து சுண்டியது. கல்யாண வீட்டில் ஒரு சின்னத் துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாம்பன்: பேச்சாளை மீனில் கொழுப்பு அதிகம் என்கிறார்களே, சாப்பிடலாமா?

தாராளமாக. அதில் இருப்பது ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு, கூடவே நல்ல புரதம். கறியில் உள்ள கொழுப்போடு சேர்த்து இதையும் தள்ளி வைப்பது வீண். சூடையும் நெத்திலியும் அப்படியே, விலையும் கட்டுப்படி. குழம்பு வையுங்கள், அல்லது தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் வாட்டுங்கள். சட்டி நிறைய எண்ணெயில் பொரித்து, மிச்ச எண்ணெயை மறுநாளும் காய்ச்சினால் மீனின் நன்மை போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு மீன் வராது, விலையும் ஏறும். அப்போது முட்டை, பாசிப்பயறு, கொண்டைக்கடலைக்கு மாறுங்கள். கருவாட்டில் உப்பு கூடுதல். ஊறவைத்துக் கழுவி, எப்போதாவது.

சாயல்குடி: சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் பிசிஓஎஸ்சுக்கு நல்லதுதானே?

இல்லை. கருப்பட்டியும் சர்க்கரைதான், பதநீரிலும் சர்க்கரை உண்டு. இனிப்பு சேர்க்காமல் நுங்கு சாப்பிடலாம், அவித்த பனங்கிழங்கு நார்ச்சத்துக்கு நல்லது.

சின்னப்பாலம்: மாதம் 12 நாள் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறேன். இதற்கு மேலும் நடக்க வேண்டுமா? காலையில் கடுங்காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போவேன்.

பாசி எடுக்கும் நாளில் வேறு உடற்பயிற்சி எதற்கு? மற்ற நாட்களில் வேகமாக நடங்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்பதுதான் பொதுக் கணக்கு. உங்களுக்கு நான் மாற்றச் சொல்வது காப்பியை. வெறும் வயிற்றில் சர்க்கரைக் காப்பியோடு போய், மதியம் பசி வெறியில் சோறு குவிப்பதுதான் சிக்கல். இரண்டு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். இவ்வளவு உழைப்பவர் எண்ணெயை ஒட்டக் குறைக்கவும் கூடாது.

தொண்டி, ஒரு தாய்: மகளுக்கு 15 வயது, ஒல்லி. மாதவிலக்கு தள்ளிப்போகிறது. ஸ்கேனில் நீர்க்கட்டி என்றார்கள். பாலும் நெய்யும் நிறுத்திவிட்டேன்.

அம்மா, முதலில் பிள்ளைக்குப் பாலைக் கொடுங்கள். வளர்கிற வயது, எடை கூடாத பிள்ளைக்குக் கொழுப்பைக் குறைக்க வேண்டியதே இல்லை. ஸ்கேனில் தெரிவது பெரும்பாலும் முதிராத சினைமுட்டைப் பைகள்தான். பெரிய மனுஷியாகி 8 ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவுகட்டக் கூடாது என்பது அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. ஆனால் 90 நாள் தாண்டியும் வராவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏர்வாடி: கணவர் சவுதியிலிருந்து வருகிறார், குழந்தைக்குப் பார்க்கிறோம். சாப்பாட்டைச் சரிசெய்துவிட்டதால், இன்சுலின் சரியாக வேலை செய்யக் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். எடை இறங்கி இன்சுலின் சீரானால் சினைமுட்டை வெளிவருவது திரும்பலாம், ஆகவே ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு தங்கும் முன்பே தொடங்க வேண்டும். அதற்கு அவர் விமானம் ஏறும் வரை காத்திருக்காமல் இப்போதே போய்ப் பாருங்கள். சர்க்கரைப் பரிசோதனையையும் அப்போதே முடித்துக்கொள்ளலாம். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.