ஓலை காட்டிக்கொடுக்கும்

கேள்வி: அக்கா, நல்லூர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் குடும்பமாக யாழ்ப்பாணம் போகிறோம். வீடு பூட்டிக் கிடக்கும். முன் லைட்டைப் போட்டுவிட்டுப் போனால் போதுமா?
- ஒரு வாசகி, உவர்மலை, திருக்கோணமலை

பதில்: போதாது தங்கச்சி. நடுப்பகலிலும் எரிகிற லைட், ஆளில்லை என்று தெருவுக்கே சொல்லும். இருட்டினால் தானாக எரிகிற சென்சர் பல்ப் ஒன்றைப் போடுங்கள்.

அதைவிட ஓலையைக் கவனியுங்கள். கச்சான் காற்றுக்கு நம் வளவுகளில் விழாத நாளில்லை. ஒருமுறை நாங்கள் கதிர்காமம் போய் வந்தபோது கேற்றடியில் நாலு காவோலை குறுக்கே கிடந்தது, 'இந்த வீட்டில் யாருமில்லை' என்று எழுதி ஒட்டியது போல. கள்ளன் குசினி யன்னல் கம்பியை நெம்பியது எங்கள் அலவாங்கால்தான்! கிணற்றடியில் சாத்தி வைத்தவள் நான். (போனது ஒரு காஸ் சிலிண்டரும் மிக்சியும். மானம் வேறு.)

ஆகவே அலவாங்கு, ஏணி, மண்வெட்டி எல்லாம் உள்ளே. பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் ஓலையை இழுத்துப் போட்டு முற்றத்தைக் கூட்டிவிடச் சொல்லுங்கள். திறப்பும் அவரிடமே இருக்கட்டும், பூச்சட்டிக்குக் கீழே வேண்டாம். நகை வங்கி லொக்கருக்கு. தேர்ப் படங்களைத் திரும்பி வந்து பேஸ்புக்கில் போடலாம், முருகன் கோபிக்க மாட்டார்.

சரி, வந்து இறங்கும்போது பூட்டு உடைந்திருந்தால்? உள்ளே போகாமல், எதையும் தொடாமல் 119க்கு அழையுங்கள். நான் அன்று முதல் வேலையாகக் குசினியைக் கூட்டிக் கழுவிவிட்டேன். கைரேகை எடுக்க வந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.