நிலாவைப் பார்த்து வரும் திருநாள்

கேள்வி: கிறிஸ்துமஸ் எப்போதும் டிசம்பர் 25. ஈஸ்டர் மட்டும் ஏன் வருடா வருடம் தேதி மாறுகிறது? உங்கள் வீட்டில் எப்படிக் கொண்டாடுவீர்கள்?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: எல்லாம் நிலா செய்யும் வேலை! இயேசு சிலுவையில் மரித்தது யூதர்களின் பாஸ்கா பண்டிகையை ஒட்டி. அது பௌர்ணமிக் கணக்கு. அதனால் மார்ச் 21-இலோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு, அவர் உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் ஈஸ்டர். 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20.

எங்களுக்குச் சனி ராத்திரியே ஆரம்பம். மதுரை கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்தில் விளக்குகளை அணைத்துவிட்டு, வெளியே மூட்டிய நெருப்பில் பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள். அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களும் அதில் பொறித்திருக்கும். அப்புறம் கைக்குக் கை மெழுகுவர்த்தி பற்றும். ஒருமுறை அக்கா மகன் தூக்கக் கலக்கத்தில் சாய்த்துப் பிடித்து, என் பட்டுப்புடவையில் மெழுகைக் கொட்டிவிட்டான். கறை போகவேயில்லை; ஈஸ்டருக்கு இன்னமும் அதைத்தான் கட்டுகிறேன்.

தவக்காலம் முழுக்கக் கறியைத் தொடாத அம்மா, விடிந்ததும் கறிக்கடை வரிசையில் முதல் ஆளாக நிற்பார். இட்லிக்குக் கறிக்குழம்பு. முதல் தூக்குவாளி எதிர்வீட்டு அத்தைக்குப் போகும். தீபாவளிக்கு அவர் தரும் அதிரசம் வந்த அதே வாளி!